அமலி அனுமதித்த ஒரு பெயர்

"இனிமே உங்க ரிப்போர்ட்டெல்லாம் போன்லயே வந்துருமுங்கம்மா. உங்களைத் தவிர வேற யாருக்காச்சும் பார்க்க அனுமதி குடுக்கறீங்களா? வீட்டுக்காரரு, பசங்க, அப்படி யாராச்சும்?"

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கவுண்டரில் இருந்த ரிஃபத் இப்படிக் கேட்டாள். அமலிக்கு வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாரான பதில் ஒன்று உண்டு. ரேஷன் கடையிலும் பேங்கிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அன்றைக்கு அது வாயில் வருவதற்குள், பக்கத்தில் ஃபைலை மார்போடு அணைத்து நின்றிருந்த புவனாவின் பக்கம் அவள் கை தானாக நீண்டுவிட்டது.

"இவங்க பாக்கலாமுங்க."

"இவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

திரையில் வரிசையாக உறவுகள் இருந்தன. கணவர், மகன், மகள், சகோதரர், சகோதரி. கூட வேலை செய்கிறவள் என்பதற்கோ சிநேகிதி என்பதற்கோ அதில் இடமில்லை. ரிஃபத் கடைசியில் இருந்த 'மற்றவர்' என்பதைத் தொட்டாள். புவனாவின் போனுக்கு ஓர் எண் வந்தது, அவள் அதைப் படித்துச் சொன்னாள், வேலை முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

படியிறங்கும்போது புவனா சொன்னாள். "மத்தவராமுங்க்கா நானு."

"ஆமா, நீ யாரோ எவளோதான்" என்றாள் அமலி. இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். அது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், ஜூன் மாதம்.

அமலிக்குச் சொந்த ஊரே கோயமுத்தூர்தான். அப்பா பஞ்சாலையில் வேலை செய்தார். அவள் பத்தொன்பது வயதில் இருக்கும்போது அவர் இறந்துபோனார். தம்பி பிராங்குக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா அதற்கு முன்பே படுக்கையில் விழுந்திருந்தாள். கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் ரூமுக்கு ஆள் தேவை என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்ப, அமலி போய்ச் சேர்ந்தாள். பேரிங், சீல், வாஷர், போல்ட்டு என்று ஆயிரத்துச் சொச்சம் சாமான்கள் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். முப்பத்தொன்பது வருஷம் அந்த ஒரே அறையில் வேலை பார்த்தாள்.

பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து ஒரு மாப்பிள்ளை இரண்டு முறை வந்தார். அம்மா இருக்கும்வரை முடியாது என்றாள் அமலி. அம்மா போனபிறகு, பிராங்க் பாலிடெக்னிக் முடிக்கட்டும் என்றாள். அவன் முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய், கெசியாவைக் கட்டி, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனானபோது, அமலியை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றாகியிருந்தது. இதையெல்லாம் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அன்றன்றைக்கு எது முன்னால் வந்ததோ அதைச் செய்தேன், அவ்வளவுதான் என்பாள்.

புவனா அந்தக் கம்பெனிக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். வெள்ளகோவில் பக்கத்துக்காரி, விவசாயக் குடும்பம். கணவன் லாரி விபத்தில் போனபிறகு மகன் தீபக்கைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் வந்து பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். முதல் வாரமே மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்குப்போசியோடு ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, இங்க உக்காந்து திங்கலாமுங்களா? அங்க கூட்டத்துல எல்லாரும் நான் அழுவறனா, அழுவலயான்னு மூஞ்சியவே பாக்கறாங்க" என்றாள். அமலி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். பத்தொன்பது வருஷம் அவர்கள் மத்தியானச் சாப்பாடு அந்த அறையில்தான் நடந்தது.

அமலிக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருக்கிறது என்று சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது அவளுக்கு இரண்டரை இருந்தது. டாக்டர் இதமாகத்தான் பேசினார். மாத்திரையில் கொஞ்ச காலம் தள்ளலாம், பிறகு டயாலிசிஸ், இல்லையென்றால் மாற்று சிறுநீரகம். கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஒரு தம்பி இருக்கான். அவங்கிட்ட இதைச் சொல்லவேண்டாமுங்க" என்றாள் அமலி.

வெளியில் வந்ததும் புவனாவிடமும் அதையே சொன்னாள். "பிராங்குக்குத் தெரிய வேண்டாம். என் பேருல சத்தியம் பண்ணு."

"ஏனுங்க்கா? கூடப்பொறந்தவருதானுங்க. சொன்னா என்னவாம்?"

அமலி நடந்துகொண்டே சொன்னாள். "குடுக்கறேன்னு சொன்னா நான் வாங்க முடியாது, ரெண்டு பொண்ணு வெச்சிருக்கான். குடுக்கமாட்டேன்னு சொன்னா..."

புவனா தலையை ஆட்டினாள். சத்தியம் என்று வாயால் சொன்னாளா இல்லையா என்று பிற்பாடு அமலி பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை என்றுதான் நினைவு.

அந்த வருஷம் ஆவணியில், புவனா ஆத்தா என்று கூப்பிடும் மாமியார் கருப்பாத்தாள் மாட்டுக்கொட்டகையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள ஆளில்லை. தீபக்கும் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். புவனா வேலையை விட்டுவிட்டு வெள்ளகோவில் போனாள். போகிறபோது, "நான் எங்கீங்க போறேன்? ரிப்போர்ட்டு என்ற போனுக்கு வருமுங்கல்ல" என்றாள்.

வந்தது. மாதம் ஒருமுறை அமலி ரத்தம் கொடுத்து வீட்டுக்கு வருவதற்குள் அது புவனாவின் போனில் இருக்கும். அமலி பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள். "மூணு புள்ளி ஒண்ணுங்க்கா. போன மாசத்துக்குப் புள்ளி ரெண்டு எச்சா. உப்பைக் கொறைக்கோணும்னா கேக்கறீங்களா?" அப்பளம் தின்றீர்களா, ஊறுகாய் தின்றீர்களா என்று விசாரணை நடக்கும். அமலிக்கு எரிச்சலாக வரும். ஆனால் ரத்தம் கொடுத்த நாளில் மூன்று மணிக்கு மேல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கார்த்திகை முடியுமுன் எண் நாலரையைத் தாண்டியது. மாற்று சிறுநீரகம் பற்றி யோசிக்க இதுதான் சமயம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதையும் புவனா படித்தாள். அன்றைக்கு ஊறுகாயைப் பற்றி விசாரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷமும் பிறந்து, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. முன்னறிவிப்பு இல்லாமல் பிராங்க் அமலியின் சிங்காநல்லூர் வாடகை வீட்டின் மாடிப்படி ஏறி வந்தான். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம், ஒரு டப்பா உலர்ந்த திராட்சை. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அவள் சாப்பிடக்கூடாது. அவள் வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. யார் சொன்னது என்றும் புரிந்துவிட்டது. "சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லடா. மாத்திரையிலயே ஓடிட்டிருக்கு."

"புவனாக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. மாத்து ஆபரேஷன் பத்தியும் சொன்னாங்க."

டீ போட்டுக் கொடுத்தாள். அவன் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். நாற்பத்தாறு வயது, முன்தலையில் முடியில்லை, வயிறு லேசாகத் தொங்கியது. இந்த ஆளுக்குத்தான் டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தோம் என்பது அமலிக்கு நம்பமுடியாத சங்கதியாகத் தோன்றியது.

"கெசியாகிட்டப் பேசணும்க்கா. பேசிட்டு, நானும் ஒரு டெஸ்ட்டு எடுத்துப் பாக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம் பிராங்க்."

அவள் அப்படிச் சொன்ன அந்த நொடியில் அவன் தோள்கள் இரண்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கின. அவன் அதை அறிந்திருக்கமாட்டான். அவள் பார்த்துவிட்டாள். அதன்பின் அவன் என்னென்னவோ பேசினான். பெங்களூரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, இங்கேயே இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், சித்த வைத்தியத்தில் யாருக்கோ குணமானது. அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். நாலு மணி ரயிலுக்குக் கிளம்பும்போது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அழவும் செய்தான். அது பொய் அழுகை இல்லை.

முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் வந்தது. டெஸ்ட்டைப் பற்றிய பேச்சு மறுபடி வரவேயில்லை. அவளும் எடுக்கவில்லை. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளை உறுத்தியது வேறு. தெரியாமலே இருந்திருக்கலாம். தம்பி கொடுத்திருப்பான் என்று ஓரத்தில் நினைத்துக்கொண்டே மீதிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அதைப் பிடுங்கிப் போட்டவள் புவனா.

பிராங்க் வந்துபோன மறுநாளே அமலி புவனாவைக் கூப்பிட்டாள்.

"உன்னைச் சொல்லச் சொன்னது யாரு?"

மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது. "சொல்லாம இருக்க முடியலீங்க்கா."

"உன்னை நம்பித்தானே காட்டினேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்றதுக்கா காட்டினேன்?"

"இல்லீங்க."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா உனக்கு?"

"இல்லீங்க்கா."

அவள் ஏதாவது வாதாடியிருந்தால், இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்குமோ என்னவோ. வாதாடவில்லை. அமலி போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்தாள். 'நம்பிக்கைக்குரியவர்கள்' என்ற இடத்தில் ஒரே பெயர். அதன் பக்கத்தில் 'நீக்கு'. தொட்டாள். நிச்சயமாக நீக்கவேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றாள். காரணம் எழுத விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் வந்தது. அதை வெறுமையாக விட்டாள். உங்களுக்கு வழங்கப்பட்ட அனுமதி விலக்கப்பட்டது என்று வெள்ளகோவிலுக்கு ஒரு தகவல் போயிருக்கும். அங்கிருந்து அழைப்பு வரும் என்று அன்று முழுக்க எதிர்பார்த்தாள். வரவில்லை.

அதற்குப் பிறகான இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரத்தம் கொடுப்பாள். மூன்று மணிக்குமேல் போனில் மணி அடிக்கும். திறந்து பார்ப்பாள். ஐந்து, ஐந்து புள்ளி மூன்று, ஆறு. எண்ணைப் பார்த்தபிறகு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அதைக் கேட்டு ஒருத்தி திட்டுவாள், அதற்கு இவள் பதில் சொல்லுவாள், அதில் பொழுது போய்விடும். இப்போது எண்ணைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசியைக் களைந்து போடுவாள். ஸ்டோர் ரூமில் மத்தியானம் தனியாகச் சாப்பிட்டாள். அங்கே கவிழ்த்த பெட்டியை யாரும் எடுக்கவில்லை, அவளும் நகர்த்தவில்லை. கொஞ்ச நாளில் அதன்மேல் பழைய கேட்லாக்குகள் ஏறின.

ஓய்வு பெற்ற நாளில் கம்பெனியில் சால்வை போட்டார்கள். மேனேஜர் பேசும்போது அமலி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைத்திருந்தால்தானே வருவதற்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் கையில் ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். அது இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியில் நடந்தது. கூட ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். வீட்டுக்கார அம்மா பங்காரம்மாவைக் கூட்டிப்போனாள். எழுபது வயது, முழங்கால் வலி, ஆனாலும் நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆபரேஷன் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. "கையிலே கட்டியாம்மா?" என்று கேட்டார். அமலி ஆமாம் என்றுவிட்டாள். தையல் ஆறியபிறகு அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் அதிரும். பேருந்தில், பூசையில், தனியாக இருக்கும்போதெல்லாம் அவள் விரல் அங்கே போய்விடும்.

ஆப் அவ்வப்போது நினைவுபடுத்தியது. நீங்கள் இன்னும் நம்பிக்கைக்குரியவர் யாரையும் சேர்க்கவில்லை. ஒருநாள் உட்கார்ந்து யோசித்தாள். பங்காரம்மாவுக்குப் போன் பார்க்கத் தெரியாது. அவர் மகன்தான் பார்ப்பான். சீக்காளி குடியிருக்கிறாள் என்று தெரிந்தால் அவனுக்கு வேறு யோசனை வரும். கோயிலில் அன்பியம் என்கிற ஜெபக்குழுவின் தலைவி நல்ல மனுஷிதான். ஆனால் நோயாளிகளுக்கான மன்றாட்டில் பெயரோடு சேர்த்துக் கிரியேட்டினினையும் படித்துவிடுவாள். பிராங்கின் எண்ணை ஒருமுறை முழுதாகத் தட்டினாள். அழைப்பை அனுப்பு என்று வந்ததும், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அவன் போனில் போய் விழும், ஒவ்வொரு முறையும் அவன் தோள் ஏறும் என்று தோன்றியது. அழித்துவிட்டாள்.

மார்ச்சில் டயாலிசிஸ் ஆரம்பமானது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரை மணி. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிட்டது. கூரையில் இருந்த விளக்குகள் தூரமாகப் போயின. திரும்ப நினைவு வந்தபோது கால்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு டெக்னீஷியன் பிரீத்திகா நின்றிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி நெற்றியில் கை வைத்திருந்தார்.

"பயமுறுத்திட்டீங்கம்மா" என்றாள் பிரீத்திகா. "யாரைக் கூப்பிடறதுன்னு பார்த்தா உங்க பேருல யாருமே இல்லீங்க. ஒருத்தர் பேராச்சும் போட்டு வைங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாருகிட்டச் சொல்றது?"

அமலிக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. ஆனால் அவள் அதிகம் நினைத்தது அந்த விளக்குகளைப் பற்றி. அவை விலகிப்போகிற அந்தச் சில நொடிகளில் அவள் மனசுக்குள் ஒரு பேச்சு ஓடியது. இன்னைக்குக் காத்தால ஒண்ணும் திங்காம வந்துட்டேன் புவனா, அதான். இப்படி அவளிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, போனை எடுத்து புவனாவின் எண்ணைப் போட்டாள். உறவு: மற்றவர். அழைப்பு அனுப்பப்பட்டது, ஏழு நாட்களுக்குள் ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் காலாவதியாகும் என்று வந்தது.

முதல் நாள் நிலுவையில் என்று காட்டியது. இரண்டாம் நாளும் அப்படியே. எண் மாறியிருக்குமோ என்று நினைத்தாள். மூன்றாம் நாள், மாமியார் இறந்து துக்கத்தில் இருப்பாளோ என்று நினைத்தாள். நான்காம் நாள், எண்ணும் மாறவில்லை, யாரும் சாகவும் இல்லை, அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்தாள். அப்படி முடிவுக்கு வந்தபிறகும் திறந்து திறந்து பார்த்தாள். ஆறாம் நாள் காலை பதினொன்று பதினான்குக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது.

போன் வரவில்லை. ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்று ஆப்பில் ஒரு பக்கம் உண்டு. அமலி அதைத் தேடிக் கண்டுபிடித்தாள். அன்றைக்கே புவனா இரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் திறந்திருந்தாள். ஆபரேஷன் குறிப்பை மூன்று முறை. அதன்பின் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வந்த சிறிது நேரத்தில் அவள் பெயர் அங்கே ஏறியது. ஏப்ரல் முழுக்க இப்படியே போனது. பார்க்கிறாள், பேசுவதில்லை. இவளும் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் ரத்தம் கொடுத்திருந்த அமலி, காலைப் பூசைக்குப் போனை ஊமையாக்கிப் பையில் போட்டிருந்தாள். முடிந்து வெளியில் வந்து பார்த்தால் புவனாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து இரண்டு. அவள் எதையோ தொடுவதற்குள் பத்தாவது அழைப்பு வந்தது.

"மாம்பழம் தின்னீங்களா?"

இரண்டு வருஷம் நாலு மாதத்துக்குப் பிறகு புவனாவின் முதல் வார்த்தை அதுதான்.

"என்ன?"

"மாம்பழமுங்க. பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு இருக்குது. செகப்புல போட்டு வந்திருக்குது. தின்னீங்களா இல்லீங்களா?"

"பங்காரம்மா ரெண்டு துண்டு குடுத்தாங்க..."

"ரெண்டு துண்டா?"

"ரெண்டு பழம்" என்றாள் அமலி.

"அய்யோ கெரகமே. உடனே ஆட்டோப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதய ஓட்டம் நின்னுபோயிருமுங்க்கா, வெளையாட்டில்ல. ஊட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க. போனையும் வெச்சுராதீங்க, போய்ச் சேர்ற வரைக்கும் பேசிட்டே இருக்கோணும்."

அமலி கோயில் வாசலிலேயே ஆட்டோ ஏறினாள். கால்கள் மரமாக இருந்தன, காலையிலிருந்தே அப்படித்தான், வயசு என்று நினைத்திருந்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சிறிது தூரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. புவனா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பேசச் சொல்லிட்டு நீ பேசாம இருக்கற" என்றாள் அமலி.

"என்னத்தைப் பேசறதுங்க."

"ஆறு நாள் ஏன் ஏத்துக்கலை?"

"கோவமுங்க. எனக்குக் கோவமிருக்காதுங்களா? விலக்கியாச்சுன்னு மெசேஜ் வந்தன்னைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டாம உக்காந்துட்டேனுங்க, ஆத்தா உள்ள இருந்து சத்தம் போடுது, காதுலயே உழுகல."

ஆட்டோ சிக்னலில் நின்றது. "நீ அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? ஏன் சொன்னேன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கலையே."

புவனா சாதாரணமாகச் சொன்னாள். "நான் மொதல்ல ஈரோட்டுல போய்க் கேட்டனுங்க்கா. என்ற கிட்னியைக் குடுத்தா சேருமான்னு. சொந்தமில்லாதவங்க குடுக்கறதுக்குக் கமிட்டி அது இதுன்னு என்னமோ சொன்னாங்க, அது கெடக்குது, மொதல்ல ரத்தத்தைப் பாப்பமுன்னு பாத்தா எனக்குச் சக்கரை. எரநூத்தி எண்பது. எனக்கே தெரியாது. சக்கரை இருக்கறவங்க குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அப்பறம் யாருகிட்டப் போறது? அதான் தம்பிகிட்டச் சொன்னேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அமலியைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

"இதை ஏன் சொல்லலை எங்கிட்ட?"

"ஆகாதுன்னு ஆனதை எதுக்குச் சொல்லி... சொன்னா, பாரு, நான் குடுக்க வந்தேன்னு பீத்திக்கற மாதிரி இருக்குமுங்க."

"சக்கரைக்கு மாத்திரை போடறயா?"

"போடறனுங்க."

"ஒழுங்கா?"

"ஆஸ்பத்திரி வந்துருச்சுங்களா?" என்றாள் புவனா.

அன்றைக்கு அவசரமாக ஒரு டயாலிசிஸ் ஓட்டினார்கள். சாயங்காலம் எண் இறங்கியது. அமலி பார்ப்பதற்கு முன்பே நாலு புள்ளி எட்டு என்று புவனாவிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது.

ஆடி மாதத்தில் தீபக்கை ஒருநாள் ஆத்தாவோடு இருக்கச் சொல்லிவிட்டுப் புவனா வந்தாள். காலையிலேயே நேராக டயாலிசிஸ் அறைக்கு வந்து, அமலியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது. குழாயில் ரத்தம் போவதையும் வருவதையும் வெகுநேரம் பார்த்தாள். போனில் படித்ததும் இதுவும் ஒன்றில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வலிக்குதுங்களா?"

"ஊசி போடறப்ப. அப்பறம் இல்ல."

அமலி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "இனிமே யாருகிட்டச் சொல்றதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுச் சொல்லு."

"கேட்டா வேண்டாம்பீங்க."

"ஆமா. வேண்டாம்பேன்."

"செரிங்க. அப்பச் சொல்லலை." சிறிது பொறுத்து, "நீங்க நெனப்புத் தப்பிக் கெடந்தீங்கன்னா?" என்றாள்.

"அப்ப உன்னிஷ்டம்."

மத்தியானம் வீட்டுக்கு வந்து புவனா சமைத்தாள். காய்களை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, ருசி பார்த்து முகத்தைச் சுளித்தாள். நாலு மணிக்கு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் வண்டி நின்றிருந்தது. ஆத்தாவுக்கு ஆறரைக்குச் சோறு ஊட்டவேண்டும், இருட்டுவதற்குள் போகவேண்டும். மறுபடி எப்போது வரமுடியும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஜன்னலோர சீட்டிலிருந்து, "போயிட்டு வாரேனுங்க்கா" என்றாள். வண்டி திருச்சி ரோட்டில் திரும்பும்வரை அமலி நின்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பிராங்கிடமிருந்து போன் வந்தது. மூத்தவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்றான். சந்தோஷமாக இருந்தான். "நீ எப்படிக்கா இருக்க?" என்று கேட்டான். நல்லா இருக்கேன் என்றாள். ரிப்போர்ட்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அதுவும் நல்லாத்தான் இருக்கிறது என்றாள். குழந்தை என்ன பாடம் எடுத்திருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டே படியேறி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டாள். புவனா கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள் சமையல் மேடையில் இன்னும் ஈரமாக இருந்தன. மறுநாள் செவ்வாய்க்கிழமை. போகவேண்டிய இடம் எதுவும் இல்லாத நாள்.